33 என்று காட்டியது உங்கள் மீட்டர்

பெங்களூரு பெட்ரோல் பங்க் உரிமையாளர்களுக்கும், உங்களுக்கு டீலர்ஷிப் கொடுத்திருக்கும் எண்ணெய் நிறுவனங்களின் விற்பனை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

பொம்மனஹள்ளியில் 14 வருடமாகக் குடியிருக்கிறேன். சொந்த ஊர் நாமக்கல் பக்கம். மாதம் ஒரு தடவையாவது குடும்பத்தோடு ஓசூர் ரோடு பிடித்து, கிருஷ்ணகிரி, தர்மபுரி, தொப்பூர் வழியாக ஊருக்குப் போய் வருகிறவன். இதே கடிதத்தைக் கன்னடத்தில் எழுதி எங்கள் பகுதிப் பங்க் ஒன்றில் நேரிலேயே கொடுத்தேன். வாங்கிக் கல்லாவுக்குக் கீழே வைத்தார்கள். அதனால்தான் இப்போது எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். இந்த ரோட்டில் ஊருக்குப் போகிற தமிழ்க் குடும்பங்களும் படிக்கட்டும்.

உங்கள் பங்க்கில் காற்றுப் பிடிக்கிற இடம் எந்த நிலையில் இருக்கிறது என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. நான் கேட்பது ஒன்றுதான். காற்று மிஷின் ஓட வேண்டும், அதன் மீட்டர் சரியாகக் காட்ட வேண்டும்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, என் மச்சான் மகளுக்குக் காதுகுத்து. விடியற்காலை ஐந்து மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினோம். நான், மனைவி, பத்தாவது படிக்கிற மகள், பின் சீட்டில் என் அத்தை. அத்தைக்கு 71 வயது. டிக்கி நிறைய சீர்வரிசைச் சாமான். இவ்வளவு பாரத்தோடு நெடுஞ்சாலைக்குப் போகும்போது டயர் பார்க்காமல் கிளம்ப மாட்டேன். ஆனால் வழக்கமாக நான் காற்றுப் பிடிக்கும் பங்க்கில் இரண்டு மாதமாக ஹோஸைச் சுருட்டி ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார்கள். எப்போது கேட்டாலும் "கம்ப்ரெசர் ரிப்பேர் சார், நாளைக்கு ஆள் வர்றாங்க" என்பார்கள். சரி, போகிற வழியில் பிடித்துக்கொள்ளலாம் என்று போனேன். அடுத்த பங்க்கில் "ஹவா நஹீ பையா" என்று கையை ஆட்டினார் ஒரு பையன். அதற்கடுத்ததில் மிஷின் இருந்தது, ஆள் இல்லை. இன்னொன்றில் ஏழு மணிக்கு மேல் வரச் சொன்னார்கள்.

ஐந்தாவதாகப் போன இடத்தில்தான் காற்று கிடைத்தது. அங்கே இருந்தவர் வயதானவர், நல்ல மனிதர். என் காருக்கு டயர் அழுத்தம் 33 பி.எஸ்.ஐ. வேண்டும். டிரைவர் கதவைத் திறந்தால் ஓரத்திலேயே ஸ்டிக்கரில் போட்டிருக்கிறது. நாலு டயருக்கும் 33 வரும்வரை பிடித்தார். முள் 33-ல் நின்றதை நானே குனிந்து பார்த்தேன். ஸ்டெப்னிக்கும் பிடிக்கச் சொன்னேன். சாமானெல்லாம் இறக்க வேண்டுமே என்று அவர் தயங்க, நானும் விட்டுவிட்டேன். அது என் தப்பு.

கிருஷ்ணகிரியில் இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி, காவேரிப்பட்டணத்துக்கு நாலு கிலோமீட்டர் இருக்கும்போது வலது பின் டயர் வெடித்தது. 90-ல் போய்க்கொண்டிருந்தேன். வண்டியின் பின்பக்கம் வலப்பக்கமாக இழுத்தது. பிரேக்கை மிதிக்காமல் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து மெதுவாகக் காலை எடுத்து இடது ஓரத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன். பின்னால் வந்த லாரிக்காரர் ஒதுங்கிப் போனார். அவர் யாரென்று தெரியாது, அவர் நன்றாக இருக்க வேண்டும்.

வலது பக்க டயர் என்றால் என்னவென்று வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். ரோட்டுக்கு முதுகைக் காட்டிக் குந்தித்தான் ஜாக்கி வைக்க வேண்டும். ஒவ்வொரு லாரி போகும்போதும் ஜாக்கி மேல் நிற்கிற காரே ஆடியது. நட்டு ஒன்று கழலவே இல்லை. ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதித்துக் கழற்றினேன். முக்கோணப் பலகையைப் பின்னால் தள்ளி வைத்திருந்தும் என் அத்தைக்கு மனம் கேட்கவில்லை. பையிலிருந்து சிவப்புத் துண்டை எடுத்துக்கொண்டு, முட்டி வலியோடு அந்தப் பலகைக்கும் அப்பால் ஓரத்தில் போய் நின்று, வருகிற வண்டிகளைப் பார்த்து ஆட்டிக்கொண்டே இருந்தார். "உள்ளே தள்ளி நில்லுங்க அத்தை" என்று எத்தனை தடவை கத்தியும் கேட்கவில்லை. நாற்பது நிமிடம். காதுகுத்துக்குப் பட்டுப்புடவை கட்டிக் கிளம்பியவர், ஹைவே ஓரத்தில் துண்டை வைத்துக்கொண்டு நாற்பது நிமிடம் நின்றார்.

இது தொப்பூர் கணவாய் இறக்கத்தில் நடந்திருந்தால் இந்தக் கடிதத்தை வேறு யாராவது எழுதியிருப்பார்கள்.

ஸ்டெப்னியை மாட்டி, முப்பது கிலோமீட்டர் வேகத்தில் உருட்டிக்கொண்டு காவேரிப்பட்டணம் பஞ்சர் கடைக்குப் போனோம். கடைக்காரர் வெடித்த டயரை ரிம்மிலிருந்து கழற்றி, உள்ளே கையை விட்டு, ஒரு பிடி கறுப்புத் தூளை அள்ளி என்னிடம் காட்டினார். அரைத்த மிளகு மாதிரி இருந்தது. டயரின் உட்புற ரப்பர்தான் அது. "காத்து கம்மியா ஓடுனா சைடு மடங்கி மடங்கிச் சூடாகிடும் சார், உள்ளுக்குள்ளயே இப்படி அரைச்சுடும்" என்றார். காலையில்தான் 33 பிடித்தேன் என்றேன். எதுவும் சொல்லாமல் காற்றழுத்தம் பார்க்கும் தன் கேஜை எடுத்து மற்ற மூன்று டயரிலும் வைத்தார். 27, 26, 27. அதுவும் 90 கிலோமீட்டருக்கு மேல் ஓடிச் சூடான டயரில். டயர் சூடானால் அழுத்தம் மூன்று, நான்கு ஏறித்தான் காட்டும். அப்படியென்றால் விடியற்காலையில், உங்கள் முள் 33-ல் நின்றபோது, உள்ளே 24-க்குப் பக்கத்தில்தான் இருந்திருக்கிறது. இரண்டு மாதம் காற்றே கிடைக்காமல் ஓடிய டயருக்கு, கடைசியில் கிடைத்த காற்றும் பொய்க் காற்று.

ஊரிலிருந்து திரும்பியதும் சொந்தமாக ஒரு கேஜ் வாங்கினேன். அந்த ஐந்தாவது பங்க்குக்கே போய், காரை ஆறவிட்டு, அவர் மீட்டரில் ஒரு தடவை, என் கேஜில் ஒரு தடவை பார்த்தேன். 33-க்கு 25. அந்தப் பெரியவர் பதறிப்போனார். அவருக்குச் சம்பளம் என்று எதுவும் இல்லையாம், வண்டிக்காரர்கள் கொடுக்கிற பத்து, இருபதுதானாம். மீட்டரை மாற்றுவது அவர் கையில் இல்லை. புகார்ப் புத்தகம் கேட்டேன். முதலாளி வந்தால்தான் என்றார்கள். மூன்று தடவை போயும் முதலாளி இல்லை, புத்தகமும் இல்லை.

ஐயா, ஒன்று கேட்கிறேன். நீங்கள் விற்கிற பெட்ரோலைச் சரிபார்க்க ஐந்து லிட்டர் அளவுப் பாத்திரம் வைத்திருக்கிறீர்கள். அதில் கூடுதல் குறைச்சல் 25 மில்லிக்குள் இருக்க வேண்டும். அதாவது நூற்றுக்கு அரை. எடையளவுத் துறை வருடா வருடம் வந்து முத்திரை போடுகிறது. காற்று மீட்டரில் நான் பார்த்தது நூற்றுக்கு 24. பெட்ரோல் குறைந்தால் எனக்குப் பத்து ரூபாய் நஷ்டம். காற்று குறைந்தால் என் அத்தை துண்டோடு ரோட்டில் நிற்கிறார்.

இலவசக் காற்று நீங்கள் இஷ்டப்பட்டுச் செய்கிற தர்மம் இல்லை. டீலர்ஷிப் விதிமுறையிலேயே இருக்கிறது. காற்று, குடிநீர், கழிப்பறை என்று நீங்களே போர்டு மாட்டியிருக்கிறீர்கள். ஆனால் இந்த இலவச மிஷின் ரிப்பேராகிக் கிடக்கிற அதே பங்க்கில், நாலடி தள்ளிக் காசு வாங்கி நைட்ரஜன் பிடிக்கிற மிஷின் ஒரு நாளும் ரிப்பேராகி நான் பார்த்ததில்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். வேண்டியவர்கள் காசு கொடுத்துப் பிடித்துக்கொள்ளட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. அதை ஓட வைக்கத் தெரிந்தவர்களுக்கு இதை ஓட வைக்க ஏன் முடியவில்லை?

சொல்லப்போனால் காற்றோடு நிற்கவில்லை. நாஸில் தானாக நின்ற பிறகும் ரவுண்டாக்குகிறேன் என்று மறுபடி அமுக்கி வழியவிடுகிறார்கள். பக்கத்திலேயே ஒருவர் பைக் என்ஜினை அணைக்காமல், டேங்க் மேல் குழந்தையை உட்கார வைத்து, போனில் பேசிக்கொண்டு நிற்கிறார். யாரும் எதுவும் சொல்வதில்லை. கழிப்பறைக்குப் பூட்டு, சாவி கேட்டால் ஆளுக்கு ஆள் கை காட்டுகிறார்கள். பெண்களைக் கூட்டிக்கொண்டு ராத்திரியில் பயணம் போகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். எஞ்சின் ஆயில் பாட்டிலை நீட்டி வாங்கச் சொல்ல மட்டும் இரண்டு பேர் ஓடி வருகிறார்கள்.

ஆற்றாமையில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். என் கோரிக்கை காற்று ஒன்றுதான்.

இன்னொன்றையும் நீங்கள் யோசிக்க வேண்டும். டியூப்லெஸ் டயரும், அழுத்தம் குறைந்தால் காட்டுகிற கருவியும், பஞ்சர் கிட்டும் இருக்கிற கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-ல் விதியையே மாற்றிவிட்டார்கள். அந்தக் கார்களில் விளக்கு எரியும், காற்றுக் குறைவு என்று காட்டும். காட்டிய பிறகு அவர்கள் வர வேண்டிய இடம் உங்கள் பங்க்தான். அங்கே ஹோஸ் ஆணியில் தொங்கினால் அவர்கள் எங்கே போவார்கள்? நான் கேஜ் வாங்கிக்கொண்டேன், சிகரெட் லைட்டரில் செருகுகிற சின்ன கம்ப்ரெசரும் வாங்கிவிடுவேன். நாள் முழுக்க ஆட்டோவும் டாக்ஸியும் ஓட்டுகிறவர்கள் எல்லோரிடமும் போய் அப்படி வாங்கச் சொல்ல முடியுமா?

தயவுசெய்து இதைச் செய்யுங்கள். ரிப்பேரான மிஷினை ஒரு வாரத்துக்குள் சரி செய்யுங்கள். சரியான கேஜ் ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டு மாதம் ஒரு நாள் மீட்டரைச் சரிபாருங்கள், பார்த்த தேதியை மிஷின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். அந்த இடத்தில் இருப்பவருக்குச் சம்பளம் கொடுங்கள். விற்பனை அதிகாரிகளே, பங்க்கைப் பார்வையிட வரும்போது கையில் ஒரு கேஜ் கொண்டு வாருங்கள். கணக்குப் புத்தகத்துக்கு முன்னால் அந்த மீட்டரைப் பாருங்கள்.

தீபாவளிக்கு மறுபடி ஊருக்குப் போகிறோம். முந்தின நாள் இரவு, டயர் ஆறின பிறகு, உங்கள் பங்க் ஒன்றுக்குத்தான் வருவேன். உங்கள் மீட்டரும் என் கேஜும் 33 என்றே காட்டட்டும் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓசூர் ரோட்டில் உங்கள் வாடிக்கையாளன்
பொம்மனஹள்ளி, பெங்களூரு