செயலாளர் ஆண்டறிக்கை: மழை மாதங்களில் மலை ஓட்டத்திற்குத் திரும்புதல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை உறுப்பினர்களே, கழக அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கூட்டக் குறிப்புகள், உறுப்பினர் பதிவேடு, சங்கப் பதிவிலாகாவுக்கான ஆண்டுப் படிவம் எல்லாம் முறைப்படி முடிந்துவிட்டன. அவை இணைப்பில் உள்ளன; இங்கே வாசிக்கப் போவதில்லை. ஞாயிறு காலை ஓட்டங்கள் ஆண்டு முழுவதும் நடந்தன. ஆனால் ஆண்டின் நடுப்பகுதியில் வருகை மெலிந்தது. இப்போது அதே உறுப்பினர்கள் டிசம்பரில் சியாங் மாய், ஜனவரியில் ஹாங்காங் என்று அல்ட்ரா ஓட்டங்களுக்கு, அதாவது மாரத்தானைவிட நீண்ட ஓட்டங்களுக்கு, பெயர் கொடுத்துவிட்டு ஒரே மூச்சில் திரும்பி வருகிறார்கள். எனவே இந்த அறிக்கையின் பெரும்பகுதி பயிற்சிக் குழுவின் பரிந்துரைகளுக்கே போகிறது.

பினாங்கில் குளிர்காலம் கிடையாது. அந்தப் பருவத்திற்குத் தயாராகும் செப்டம்பர், அக்டோபர் மாதங்கள்தான் நமக்கு மிக அதிக மழை தருபவை. நவம்பரிலும் மழை நிற்பதில்லை. டிசம்பர் பிற்பகுதியில் வானம் தெளியும்போது சியாங் மாய் ஓட்டமே முடிந்திருக்கும். ஆக, வழுக்கும் பாதையிலும் புழுக்கத்திலும் பயிற்சி எடுத்து, குளிரில் போய் ஓட வேண்டிய நிலை நமக்கு.

முதலில் அளவு. புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் கிலோமீட்டர் கணக்குப் போட்டிபோல் ஏறுவதைச் செயலவை ரசிக்கவில்லை. மலையில் ஒரு கிலோமீட்டருக்கு எட்டு நிமிடமும் ஆகலாம், இருபத்தைந்து நிமிடமும் ஆகலாம். வாரத்திற்கு எத்தனை மணி நேரம், எத்தனை மீட்டர் ஏற்றம், எத்தனை மீட்டர் இறக்கம் என்ற மூன்றையும் குறித்து வைத்தால் போதும். ஒன்றிரண்டு மாதம் விட்டவர்கள் முன்பு ஓடிய வார நேரத்தில் பாதியிலிருந்தும், அதற்கு மேல் விட்டவர்கள் மூன்றில் ஒரு பங்கிலிருந்தும் தொடங்கலாம். முதல் மூன்று வாரம் முழுக்கப் பேசிக்கொண்டே ஓடும் வேகம்தான்; ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடியாவிட்டால் நடக்க வேண்டும். நீண்ட ஓட்டத்தை வாரத்துக்கு 20 முதல் 30 நிமிடம் வரை கூட்டலாம். நான்காவது வாரம் மொத்த நேரத்தை மூன்றில் ஒரு பங்கு குறைக்க வேண்டும். இந்தக் குறைப்பு வாரத்தைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிக்கிறார்கள். இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழைய நிலைக்கு வந்துவிடும். குதிகால் தசைநாணுக்கும் எலும்புக்கும் மாதங்கள் பிடிக்கும். ஐந்தாம் ஆறாம் வாரத்தில் உடம்பு லேசாகத் தோன்றும்போதே கெண்டைக்காலும் பாதமும் பழுதாவதற்கு இந்த இடைவெளிதான் காரணம்.

அடுத்தது இறக்கம். அல்ட்ராவில் ஆட்களை முடக்குவது பெரும்பாலும் ஏற்றம் இல்லை. இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. பழக்கமில்லாத தசை இழைகள் அதில் நுண்ணளவில் கிழிகின்றன. வலி மறுநாளும் அதற்கு மறுநாளும் உச்சத்துக்கு வரும். ஆனால் ஒரு நல்ல இறக்கப் பயிற்சி செய்த பிறகு அதே தசை பல வாரங்களுக்கு ஓரளவு காப்புப் பெறுகிறது. அதனால் இறக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும், ஒரேயடியாகத் திணிக்கக் கூடாது.

இதற்குக் கொடிமலை எனும் பினாங்கு மலையைப் போல வசதியான இடம் வேறில்லை. தாவரவியல் பூங்காவிலிருந்து உச்சிக்குப் போகும் ஜீப் பாதை ஏறத்தாழ 5 கிலோமீட்டர், சுமார் 700 மீட்டர் ஏற்றம். முதல் வாரங்களில் அதில் வேகநடையாக ஏறிவிட்டு, ஒருவழிச் சீட்டு வாங்கி மலை ரயிலில் இறங்கிவிடலாம். இதயத்துக்கு முழுப் பயிற்சி, தொடைக்கு அடி இல்லை. நான்காம் வாரம் முதல் கடைசிப் பத்து நிமிட இறக்கத்தை மட்டும் காலால் ஓடலாம். பிறகு பாதி மலை. பிறகு முழு மலை. கடுமையான இரண்டு இறக்கங்களுக்கு நடுவே குறைந்தது ஒரு வாரம் விட வேண்டும். கடைசி முழு இறக்கம் ஓட்ட நாளுக்கு 10 முதல் 14 நாள் முன்பே முடிந்திருக்க வேண்டும். அடி சிறிதாக, அடிக்கடி. பார்வை மூன்று நான்கு மீட்டர் முன்னால். உடம்பைப் பின்னால் சாய்ப்பதுதான் வழுக்கி விழ முதல் காரணம்.

தார்ப்பாதைதானே என்று ஜீப் பாதையை எளிதாக எண்ண வேண்டாம். மழைக்குப் பின் நிழலான வளைவுகளில் பாசி படர்ந்திருக்கும். ஜீப்புகளும் வரும். மூன்கேட் நுழைவாயில் வழியாக, ஜீப் பாதையிலுள்ள 84 என்ற ஓய்விடத்துக்கு ஏறும் படிகளிலும் வேர்களிலும் ஊன்றுகோல் உதவும், ஆனால் இறங்கும்போது மணிக்கட்டுப் பட்டைக்குள் கை நுழைத்திருக்கக் கூடாது. விழுந்தால் கையை விடுவிக்க முடியாது. தண்ணீர்மலைக் கோயிலின் 513 படிகளில் ஏற்றப் பயிற்சி செய்யலாமா என்ற கேள்வி இவ்வாண்டும் வந்தது. வழிபாட்டுக்கு வருவோரை விலக்கிக்கொண்டு ஓடும் இடம் அது அல்ல என்பதே செயலவையின் முடிவு, இம்முறையும் மாற்றமில்லை.

2017 நவம்பர் தொடக்கத்தில் பெய்த பெருமழையில் கொடிமலையில் பல இடங்கள் சரிந்ததை மூத்த உறுப்பினர்கள் அறிவார்கள். இம்மலை கருங்கல் மலை. மேலே மக்கிய மண் தண்ணீர் குடித்துக் கனத்தால் அப்படியே நழுவும். இரவு முழுக்க மழை பெய்திருந்தால் மறுநாள் காலை ஓட்டம் சரிவுப் பாதைகளில் இல்லை, அவ்வளவுதான். பிற்பகல் இடியைப் பொறுத்தவரை, மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குள் இருந்தால் உடனே கட்டடத்துக்குள் போக வேண்டும். கடைசி இடியோசைக்குப் பின் 30 நிமிடம் வெளியே வரக் கூடாது. சுவரில்லாத ஓய்வுக் குடில் இதற்குப் பாதுகாப்பு ஆகாது. அப்படிப்பட்ட நாளில் டிரெட்மில்லை 12 முதல் 15 விழுக்காடு சாய்வில் வைத்து மணிக்கு 5 கிலோமீட்டர் நடந்தால் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 600 மீட்டரோ அதற்கு மேலோ ஏறிவிடலாம்.

காலில் புண்ணோடு வெள்ளநீர் தேங்கிய ஓடைகளில் இறங்கியவர்கள் எலிக்காய்ச்சலை மனத்தில் வைக்க வேண்டும். பெரும்பாலும் 5 முதல் 14 நாளுக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று தொடங்கும். மருத்துவரிடம் காட்டில் ஓடியதைச் சொல்லாவிட்டால் வெறும் ஓட்ட வலி என்றே போய்விடும். அட்டைக்கடி தொல்லைதான், ஆபத்து குறைவு. நீண்ட ஓட்டத்தில் ஐபுப்ரொஃபென் போன்ற வலிமாத்திரைகளை விழுங்கும் பழக்கத்தைப் பயிற்சிக் குழு கண்டிப்பாக மறுக்கிறது. நீர் வற்றிய நேரத்தில் அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். ஓட்டத்துக்குப் பின் சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் வந்தால் அன்றே மருத்துவமனை.

நீரும் உணவும். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குடித்த நீரையும் சேர்த்துக் கணக்கிட்டால், குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை. நம் ஊர்ப் புழுக்கத்தில் மணிக்கு ஒரு லிட்டரைத் தாண்டுவது சாதாரணம். அதற்காக முழுவதையும் வெறும் தண்ணீராக ஈடுகட்ட முயல்வதும் தவறு. இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய்த் தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். ஓட்டம் முடிந்து எடை கூடியிருந்தால் அளவு மீறிக் குடித்திருக்கிறோம் என்று பொருள். விலை குறைந்த கலவை ஒன்று: ஒரு லிட்டர் நீரில் ஐந்து மேசைக்கரண்டி சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு, ஓர் எலுமிச்சை. சுமார் 60 கிராம் மாவுச்சத்தும் 500 மில்லிகிராமுக்கு மேல் சோடியமும் கிடைக்கும். மணிக்கு 60 கிராம் என்பதைக் குடல் முதல் நாளிலேயே ஏற்காது. 30 கிராமில் தொடங்கி வாராவாரம் கூட்டுங்கள். இனிப்பு திகட்டும் கட்டத்தில் உப்பிட்ட சோற்று உருண்டையும் ஆசாம் பொய் எனும் உப்பிட்ட உலர் பிளம் பழமும் பல ஆற்றல் ஜெல்களைவிடக் கைகொடுக்கும்.

சப்பாத்து அடியில் 4 முதல் 6 மில்லிமீட்டர் பல் இருக்கட்டும். பெருவிரலுக்கு முன் ஒரு விரற்கடை இடம் விடுங்கள், இல்லாவிட்டால் இறக்கத்தில் நகம் கறுக்கும். ஈரத்தில் பாதம் வெளுத்து ஊறாமலிருக்க முன்கூட்டியே வாசலின் தடவி, பாதி வழியில் காலுறை மாற்ற வேண்டும்.

இனி குளிர். சியாங் மாயிலுள்ள தோய் இந்தானோன் மலை 2,565 மீட்டர். டிசம்பர், ஜனவரி விடியலில் அங்கே புல்லில் உறைபனி படிவதுண்டு. 2016 ஜனவரி 24 அன்று ஹாங்காங் நகரிலேயே 3.1 பாகை செல்சியஸ் வரை இறங்கியது. 957 மீட்டர் உயரமுள்ள தை மோ ஷானில் பனி உறைந்து, அல்ட்ரா ஓட்டக்காரர்களை மீட்புப் படை இறக்க வேண்டியதாயிற்று. நமக்கு மழையில் நனைவது சுகம் என்று உடம்பு பழகியிருக்கிறது. அங்கே நனைந்த பருத்திச் சட்டையும் காற்றும் சேர்ந்தால் ஒரு மணி நேரத்தில் ஆள் தடுமாறுவார். நடுக்கம், குளறும் பேச்சு, தடுமாறும் கால் ஆகியவை வந்தபின் மழைச்சட்டையைத் தேடக் கூடாது; முகட்டுக்கு ஏறுமுன், உடம்பு சூடாக இருக்கும்போதே போட்டுக்கொள்ள வேண்டும். தையல் ஒட்டப்பட்ட, 10,000 மில்லிமீட்டர் நீர்த்தாங்கு அளவுள்ள, தொப்பி வைத்த மேலங்கி வேண்டும். குளிரில் மின்கலம் சீக்கிரம் தீரும் என்பதால் மாற்று மின்கலத்தை உள்பையில் வையுங்கள். தலைவிளக்கு இரண்டு. விறைத்த விரலால் ஜெல் உறையைக் கிழிக்க முடிகிறதா என்பதை ஈரக் கையுறையோடு இங்கேயே பார்த்துவிடலாம். முழு மூட்டையோடு ஒத்திகை பார்க்கக் கேமரன் மலையே பக்கம். அங்கே இரவில் 15 பாகையளவுக்கு இறங்கும், மழையும் தாராளம்.

பொதுக்கூட்டத்தின் ஒப்புதலுக்குச் செயலவை மூன்று தீர்மானங்களை வைக்கிறது. ஒன்று: மலைப்பாதை ஓட்டம் எதற்கும் மூவருக்குக் குறைவாகப் போகக் கூடாது. போகும் வழியும் திரும்பும் நேரமும் புலனத்தில் பதிவாக வேண்டும். இரண்டு: காட்டுக்குள் மாலை 6.30-க்கே இருட்டுவதால், பிற்பகல் ஓட்டத்துக்குத் தலைவிளக்கும் விசிலும் இல்லாமல் வருபவர் பூங்கா வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுவார். மூன்று: கழகப் பணத்தில் இரு முதலுதவிப் பைகளும் அவசரகாலப் போர்வைகளும் வாங்கி, ஓட்டத் தலைவர்களிடம் கொடுக்கப்படும். 999-ஐ அழைக்கும்போது சொல்ல வேண்டிய பாதைக் குறியிடங்களின் பட்டியல் ஒவ்வொரு பையிலும் இருக்கும்.

முன்மொழிபவரும் வழிமொழிபவரும் பெயரைக் கொடுத்தபின், பொருளாளர் கணக்கறிக்கையை வைப்பார்.

செயலாளர்