டேப்லெட் இருக்கட்டும், நீ வா

தம்பி,

நேற்று போனில் "உங்க பள்ளிக்கு இருபது டேப்லெட் போதுமா அம்மா, இல்ல முப்பதா?" என்று நீ கேட்டபோது, ரசம் பொங்குது, அப்புறம் பேசுறேன் என்று வைத்துவிட்டேன். ரசம் பொங்கவில்லை, அடுப்பையே பற்றவைக்கவில்லை. வேண்டாம் என்று வாயால் சொல்ல மனசு வரவில்லை, அதான் எழுத உட்கார்ந்தேன். அப்பா பக்கத்தில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு "பிள்ளை கொடுக்கிறேன்னு சொல்றான், வாங்கிக்கிட்டா என்ன" என்கிறார். அவருக்கென்ன, சார்ஜ் போடப்போவது அவரா?

அந்தக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் இப்போது 71 பிள்ளைகள். 150-க்குக் குறைந்தால் எஸ்கேஎம், அதாவது மாணவர் குறைந்த பள்ளி, நீ படித்த காலத்திலேயே நாம் அந்தப் பட்டியலில்தான் இருந்தோம். கணினி அறையில் 11 கணினிகள், அதில் உயிரோடு இருப்பவை 4. சுவரில் பிளக் இரண்டு. டேப்லெட் வந்தால் ராத்திரி யார் சார்ஜ் போடுவது, காலையில் யார் எண்ணிப் பூட்டுவது, ஒன்று கீழே விழுந்து திரை உடைந்தால் தலைமையாசிரியருக்கு யார் பதில் சொல்வது? இதெல்லாம் முடிவாகாமல் வந்த சாமான் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு ஸ்மார்ட் போர்டு இருக்கிறது. யாரோ வந்து மாட்டினார்கள், அரை நாள் விளக்கம் சொன்னார்கள், எங்களை வரிசையாக நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள், போனார்கள். பேனா முதல் வருஷமே காணாமல் போய்விட்டது. இப்போது அதன்மேல் மளிகைக் கடைக் காலண்டர் தொங்குகிறது.

சரி, கோபப்படாதே. உன் கூட்டாளிகள் சிங்கப்பூரில் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசு அது, அதைக் குறை சொல்லவில்லை. உனக்குத் தெரியாத ஒரு கதை இருக்கிறது, அதைச் சொன்னால் நான் ஏன் தயங்குகிறேன் என்று புரியும்.

2020 மார்ச் 18-இல் கோவிட்டுக்காக மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு ஆரம்பித்தது. அதற்கு முந்தின வருஷம் நடுவில்தான் ஃபுரோக் என்ற இணைய வகுப்புத் தளம் போய் கூகல் கிளாஸ்ரூம் வந்திருந்தது, அதையே நான் ஒழுங்காகத் திறந்து பார்த்ததில்லை. ஜூனில் கல்வி அமைச்சின் டெலிமா தளம் வேறு வந்தது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது எனக்கு. நீ அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டாய், எல்லை மூடிவிட்டார்கள், வீடியோ காலில் நீ "அந்த மூணு புள்ளியை அழுத்துங்கம்மா" என்பாய், எனக்கு எந்த மூணு புள்ளி என்று தெரியாது. எப்படியோ கற்றுக்கொண்டு காலை 10 மணிக்கு கூகல் மீட்டில் வகுப்பு வைத்தேன். 14 பேரில் 3 பேர் வந்தார்கள். மறுநாள் 4 பேர். பெற்றோருக்கு அக்கறையே இல்லை என்று அப்பாவிடம் ஒரு வாரம் புலம்பினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அப்புறம் ஒருநாள் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு 14 வீட்டுக்கும் ஒவ்வொன்றாகப் போன் பண்ணினேன். கேட்டது ஒரே கேள்வி: இந்தப் போன் பகலில் யார் கையில் இருக்கும்? 9 வீட்டில் ஒரே போன்தான், அது அப்பாவின் சட்டைப் பையில் செம்பனை ஆலைக்குப் போய்விடுகிறது. ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள், மூன்று பேருக்கும் அதே 10 மணிக்கு வகுப்பு. இன்னொரு வீட்டில் பாட்டி மட்டும், பட்டன் போன். காலை 10 மணிக்கு யார் வருவார்கள், சொல்? நான் யோசித்ததெல்லாம் என் மடிக்கணினியிலிருந்து, அவர்கள் வீட்டுப் போனிலிருந்து ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

வேலையை ராத்திரி 8 மணிக்கு அனுப்ப ஆரம்பித்தேன், மறுநாள் ராத்திரிக்குள் முடித்தால் போதும் என்று. வீடியோ வேண்டாம், டேட்டாவைத் தின்னும். அரைப் பக்கம் வாசித்துக் குரலாகப் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்பு, அவ்வளவுதான். பாட்டி வீட்டுப் பையன் போனிலேயே எனக்கு வாசித்துக் காட்டினான். ஒரு பெண் வீட்டுக்குப் பின்னால் லைன் கிடைக்கும் இடத்தில் நின்று வாசிப்பாள், பின்னணியில் கோழி கத்தும், தகரத்தில் மழை கொட்டும். ஒரு பையன் ஒவ்வொரு வரி முடிவிலும் "முற்றுப்புள்ளி" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவான், சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனால் அந்தக் கோழிச் சத்தத்துக்கு நடுவில்தான் ஒன்று காதில் விழுந்தது. அந்தப் பெண்ணுக்கு ர-வும் ற-வும் ஒன்றாகவே வருகிறது. இரண்டு வருஷம் என் வகுப்பில் இருந்த பிள்ளை. எல்லோரும் கூட்டாக வாசிக்கும்போது அவள் குரல் எனக்குத் தனியாகக் கேட்டதே இல்லை. இன்றைக்கும் வாரம் ஒருமுறை குரல் பதிவு கேட்கிறேன், பள்ளி திறந்து இத்தனை வருஷம் ஆன பிறகும்.

இன்னொன்று, இது உன்னைப் பற்றியது. நீ லீவுக்கு வரும்போதெல்லாம் நான் கணினி முன்னால் தடுமாறினால் "நகருங்கம்மா" என்று மௌஸை வாங்கி டக் டக்கென்று முடித்துவிடுவாய். பத்து நொடி வேலை, நீ போனதும் எனக்கு ஒன்றும் நினைவிருக்காது. அன்பாகத்தான் செய்தாய், தெரியும். ஆனால் போன வருஷம் இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவன் டெலிமாவுக்குள் நுழையத் தடுமாறினான். அந்த அடையாளப் பெயர் இருக்கிறதே, எம் என்று தொடங்கி ஒரு சிறு கோடு, ஒரு வரிசை எண், அதற்குப் பின்னால் வால் மாதிரி நீளும் முகவரி, எட்டு வயசுப் பிள்ளை ஒற்றை விரலால் அடிக்கிறான், கடைசியில் ஒரு புள்ளி தவறிவிடுகிறது, மறுபடி முதலிலிருந்து. எனக்குப் பொறுமை போய் அவன் கையை விலக்கி நானே அடித்துவிட்டேன். அவன் முகத்தைப் பார்த்தேன். உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது என் முகம் அப்படித்தான் இருந்திருக்கும். அன்றிலிருந்து கணினி அறைக்குள் போனால் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன். பாடம் பாதிதான் முடிகிறது, முடியட்டும்.

தமிழ் தட்டச்சையும் அப்படித்தான் ஆரம்பித்தோம். நீ எனக்குப் போட்டுக்கொடுத்தது ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக வரும் முறை, எனக்குப் பிரச்சினையில்லை. பிள்ளைகளுக்கு அதையே சொல்லிக்கொடுத்தேன், மூன்றாம் ஆண்டுப் பெண் "டீச்சர், தமிழுக்கு இசட் எச் போடணுமா, எல் போடணுமா?" என்று கேட்டாள். ழ எழுதத் தெரிந்த பிள்ளை ழ-வுக்கு இங்கிலீஷ் எழுத்து தேடுகிறது! அன்றே தமிழ் 99-க்கு மாறிவிட்டேன். 1999-இல் தமிழ்நாட்டு அரசு தரப்படுத்திய விசைப்பலகைதான், உயிரெழுத்தெல்லாம் இடது பக்கம், மெய் பெரும்பாலும் வலது பக்கம், ழ-வுக்குத் தனி விசை. அம்மா என்று அடிக்க அ, ம, ம, ஆ, நாலே தட்டு, முதல் ம-வின் தலையில் புள்ளி தானாக வந்து உட்காரும். அது உட்காரும்போது பிள்ளைகள் "ஓ" என்று கத்துவதைக் கேட்கவேண்டும் நீ. இத்தனைக்கும் 1985-லேயே நம் நாட்டுக்காரர் முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளைச் செய்துவிட்டார், நான் ஆசிரியராகச் சேர்வதற்கு முன்பே, எனக்கு அதைத் தொட முப்பது வருஷத்துக்குமேல் ஆகியிருக்கிறது. கணினி 4 தானே, மற்ற பிள்ளைகளுக்கு விசைப்பலகையை அட்டையில் பெரிதாக நகலெடுத்து ஒட்டிக் கொடுத்திருக்கிறேன், தரையில் வைத்து விரலால் தட்டிப் பழகிவிட்டு வரிசையில் வருவார்கள். அட்டைக்குச் சார்ஜ் வேண்டாம் பார்.

அதனால் கேட்கிறேன். டேப்லெட் பணத்தை அப்படியே வைத்திருங்கள். நீ ஒரு சனி, ஞாயிறு, திங்களும் லீவு போட்டு வா. செத்துக் கிடக்கும் ஏழு கணினியில் எத்தனை பிழைக்கும் என்று பார், சாமான் என்ன வேண்டுமோ அந்தப் பணத்தில் வாங்கிக்கொள்ளலாம். மைக் வைத்த இயர்போன் 15, நீளமான எக்ஸ்டென்ஷன் இரண்டு, இவைதான் இப்போதைக்கு என் பட்டியல். அப்புறம் திங்கட்கிழமை பள்ளி முடிந்ததும் ஆசிரியர்கள் ஆறு பேரோடு இரண்டு மணி நேரம் உட்கார். அதில் ஒருவர் என்னைப்போலவே 60-க்கு இன்னும் இரண்டு வருஷம் இருப்பவர், மௌஸைப் பிடித்தால் அவர் கை நடுங்கும். கூகல் ஃபார்ம் ஒன்று அவர் கையாலேயே செய்யவேண்டும், பத்துக் கேள்வி, அவ்வளவுதான். நீ தொடக்கூடாது. தொட்டால் எல்லோர் முன்னாலும் கையில் அடிப்பேன்.

டேப்லெட்டை அடுத்த வருஷம் பேசலாம். யார் சார்ஜ் போடுவது என்று அதற்குள் தலைமையாசிரியரிடம் கேட்டு வைக்கிறேன்.

மருமகளையும் பாப்பாவையும் கூட்டி வந்தால் பஸ் வேண்டாம், உன் காரிலேயே வாருங்கள். நீ மட்டும் என்றால் ஈப்போ அமான்ஜெயாவில் இறங்கு, அப்பா வந்து ஏற்றிக்கொள்வார். எந்த வாரம் என்று மட்டும் சொல், வாட்ஸ்அப்பில் குரலாகவே அனுப்பு, உன் குரலைக் கேட்ட மாதிரியும் இருக்கும்.

அம்மா
சுங்கை சிப்புட்