கலாவுக்கு, குவாதலூப் போகுமுன்

அன்புள்ள கலா,

கல்யாண நாளுக்கு நீயும் மாப்பிள்ளையும் கரீபியன் கடலில் இருக்கிற பிரெஞ்சுத் தீவான குவாதலூப்புக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பதாக அம்மா சொன்னாள். யோசிக்கவே வேண்டாம், போய்விட்டு வாருங்கள். உனக்கு மட்டும் தனியாக எழுதி அனுப்பியிருக்கலாம்தான், ஆனால் பாரிஸ் பக்கம் இருக்கிற நம் புதுச்சேரி, காரைக்கால் ஆட்கள் நிறையப் பேர் என்னிடம் இதையே கேட்கிறார்கள், அதனால் எல்லாரும் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் இரண்டு பேரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளைக்கு ராத்திரி ஷிஃப்ட், உனக்குக் காலை வேலை, நடுவில் பிள்ளைகள். பால் வாங்கியாச்சா, பள்ளிக்கூடத்துக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாச்சா, இதற்கு மேல் நீங்கள் பேசிக்கொண்டு எத்தனை நாள் ஆகிறதோ தெரியவில்லை. குறை சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் இதே கதைதான். எங்கள் 25-வது கல்யாண நாளுக்கு அத்தானும் நானும் அங்கே போனபோது, எங்களுக்குள் பேச வேண்டியது எவ்வளவு பாக்கி கிடந்தது என்பதே கடலுக்குள் இறங்கி நின்ற பிறகுதான் தெரிந்தது.

கடலுக்குள் என்றுதான் சொல்கிறேன், கவனி. நமக்குக் கடல் என்றால் புதுச்சேரிக் கடல்தானே, கருங்கல்லில் வந்து அடிக்கிற அலை, காலை நனைத்துவிட்டு ஓடி வருவது, பின்னாலிருந்து அம்மா "உள்ளே போகாதே" என்று கத்துவது. குவாதலூப்பில் சேந்த்-ஆன் என்ற ஊர்க் கடற்கரையில் கொஞ்ச தூரத்திலேயே பவழப்பாறை வரிசை இருக்கிறது. பெரிய அலையெல்லாம் அங்கேயே உடைந்துவிடும், கரைக்கு வரும்போது அதற்கு வேகமே இருக்காது. பிப்ரவரியிலும் தண்ணீர் 26 டிகிரி இருக்கும். பாரிஸைவிட 5 மணி நேரம் பின்னால் இருக்கிற ஊர் என்பதால் முதல் சில நாள் விடிவதற்கு முன்பே விழிப்பு வந்துவிடும், அதை வீணாக்காமல் அப்படியே கடற்கரைக்குப் போய்விடுங்கள். அந்த நேரத்திலேயே ஊர்ப் பெரியவர்கள் தொப்பியைப் போட்டுக்கொண்டு மார்பளவு தண்ணீரில் வட்டமாக நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். யாரும் நீந்த மாட்டார்கள். வீட்டு விஷயம், ஊர் விஷயம், யாருக்கு என்ன உடம்பு என்று மணிக்கணக்கில் பேச்சு ஓடும்.

அவர்களைப் பார்த்துத்தான் நாங்களும் நின்றோம். தண்ணீருக்குள் போனைக் கொண்டுபோக முடியாது என்பது முதல் நல்ல விஷயம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத்தான் பேச வேண்டும் என்ற கட்டாயமும் அங்கே இல்லை, தூரத்தில் பவழப்பாறையில் உடைகிற நுரையைப் பார்த்தபடி இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம். அத்தான் அவருடைய அப்பா இறந்துபோன வருஷத்தைப் பற்றி, ஊருக்குப் போய்ச் சேருவதற்குள் காரியம் முடிந்துவிட்டதைப் பற்றி, அத்தனை வருஷம் கழித்து அங்கே நின்றுதான் என்னிடம் முழுதாகச் சொன்னார். நானும் சிலது சொன்னேன், அதெல்லாம் இங்கே எழுதுகிற விஷயம் இல்லை. விரல் நுனியெல்லாம் சுருங்கிப்போகிற வரை நின்றோம். நீங்களும் நில்லுங்கள், கலா. வேறு எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

கரைக்கு வந்தால் தேங்காய் ஐஸ் விற்கிற அம்மாக்கள் இருப்பார்கள். மரத்தொட்டிக்குள் ஒரு பாத்திரம், சுற்றிலும் பனிக்கட்டியும் கல்லுப்பும், மேலே ஒரு கைப்பிடி. அதைச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள், தேங்காய்ப்பால் ஓரத்திலிருந்து மெல்ல உறைந்து வரும். பட்டை, எலுமிச்சைத் தோல், கொஞ்சம் பாதாம் வாசனை. கடையில் டப்பாவில் வருவதை வாங்காதே, இந்த அம்மாக்களிடம் வாங்கு, இறுகாமல் கொஞ்சம் மணல் மணலாக இருக்கும், அதுதான் ருசி.

அந்தத் தீவு உண்மையில் இரண்டு தீவு, நடுவில் ஒடுக்கமாக ஒரு கடல்கால்வாய். வரைபடத்தில் இறக்கை விரித்த வண்ணத்துப்பூச்சி போலத் தெரியும். கிழக்கே கிராந்த்-தேர், சுண்ணாம்புப் பூமி, தட்டை, கரும்புக்காடு, பவழம் பொடிந்து வந்த வெள்ளை மணல். மேற்கே பாஸ்-தேர், எரிமலைப் பூமி, காடு, மழை, அதன் தெற்குப் பகுதியில் 1,467 மீட்டர் உயரத்துக்கு சுஃப்ரியேர் எரிமலை. அது இன்னும் உயிரோடு இருக்கிற மலை, 1976-ல் அது புகைந்தபோது அடிவாரத்தில் 70,000-க்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றினார்கள். இந்தப் பக்கம் மணல் வேறு நிறம். வடமேற்கே தெஷே என்ற ஊரில் கிராந்த்-ஆன்ஸ் கடற்கரை மணல் பழுப்புச் சிவப்பு, தெற்கே த்ருவா-ரிவியேர் பக்கம் கரிக்கருப்பு. அதனால் ஒரே ஹோட்டலில் முழு விடுமுறையையும் கழிக்காதீர்கள், பாதி நாள் சேந்த்-ஆன், பாதி நாள் தெஷே என்று இடம் பிரித்துத் தங்குங்கள். ஓட்டலில் சாப்பாடு, குடி எல்லாம் சேர்த்துக் கட்டணம் என்று விற்பார்கள், அதில் விழுந்தால் வளாகத்தை விட்டு வெளியே வரவே மனசு வராது, கொடுத்த காசுக்குச் சாப்பிட வேண்டுமே என்று உட்கார்ந்துவிடுவோம்.

தெஷேயிலிருந்து தெற்கே வந்தால் மாலந்தூர். அங்கே ஆமைகள் கரைக்குப் பக்கத்திலேயே கடற்புல் மேயும், கண்ணாடியும் மூச்சுக்குழாயும் போட்டுக்கொண்டு குப்புற மிதந்தாலே பார்க்கலாம். நாங்கள் பார்த்த ஆமை எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை, தலையைக் குனிந்து புல்லைக் கடித்து இழுத்துக்கொண்டே இருந்தது, அப்புறம் மெதுவாக மேலே வந்து ஒரு மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பவும் கீழே போயிற்று. கிட்டே போகாதீர்கள், தொடாதீர்கள். மாப்பிள்ளைக்கு நீச்சல் தெரியாது என்பதால் மிதவைச் சட்டை போட்டுக்கொள்ளச் சொல், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒரு பகலைக் கடற்கரையிலிருந்து எடுத்துக் கப்பெஸ்தேர்-பெல்-ஓ என்ற ஊருக்குக் கொடு. அங்கேதான் ஷான்ழி என்ற இந்துக் கோயில் இருக்கிறது, பெரிய சாலையில் வரும்போதே கோபுரம் தெரியும். 1848-ல் அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று நம் பக்கத்திலிருந்து கூலிக்கு அழைத்துப் போனார்கள். 1854 டிசம்பரில் ஒரேலி என்ற கப்பல் முதல் ஆட்களைக் கொண்டுபோய் இறக்கியது, 1889 வரை கப்பல்கள் போய்க்கொண்டே இருந்தன. மொத்தம் 40,000-க்கும் மேல். திரும்பியவர்கள் குறைவு. அவர்களில் நிறையப் பேர் புதுச்சேரித் துறையிலிருந்தும் காரைக்கால் துறையிலிருந்தும் ஏறியவர்கள், கலா. நாம் சின்ன வயதில் சுண்டல் வாங்கித் தின்றுகொண்டு நடந்த அதே கரை. அவர்களுடைய பேரன் பேத்திகள் இன்றைக்குத் தமிழ் பேச மாட்டார்கள், பிரெஞ்சும் அந்தத் தீவின் கிரியோல் மொழியும்தான், ஆனால் மாரியம்மனும் மதுரை வீரனும் அங்கே இருக்கிறார்கள், கடைப் பலகையில் ராமசாமி, வீரப்பன் என்று பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் பெயர் இருக்கும். அன்றைக்குக் கப்பலில் போனவர்கள் நம்மைப் போலப் பிரெஞ்சுக் குடியுரிமைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு போனவர்கள் இல்லை. அவர்களுடைய பிள்ளைகள் பிரெஞ்சு மண்ணில் பிறந்தும் வாக்குரிமை இல்லாமல் இருந்தார்கள், அதற்காக ஆன்றி சிதம்பரம் என்ற கப்பெஸ்தேர்க்காரர் பல வருஷம் நீதிமன்றத்தில் போராடி 1923-ல்தான் அது கிடைத்தது. கல்யாண நாளில் கோயிலுக்குப் போகாமல் உனக்கு இருக்க முடியாது என்று தெரியும், அன்றைக்கு இந்தக் கோயிலுக்குப் போ. உள்ளே போகலாமா என்று அங்கிருப்பவர்களிடம் கேட்டுவிட்டுப் போ.

அங்கிருந்து கார்பே அருவிகள் பக்கம்தான். இரண்டாவது அருவி 110 மீட்டர், வண்டி நிறுத்துமிடத்திலிருந்து காட்டுப் பாதையில் கொஞ்ச தூரம் நடந்தால் போதும். மழை பெய்தால் வழி வழுக்கும், செருப்போடு போகாதே.

சாப்பாடு பற்றி மாப்பிள்ளை கவலைப்பட வேண்டாம். கொலோம்போ என்று கேட்டால் மஞ்சள், தனியா, சீரகம், வெந்தயம் எல்லாம் போட்ட ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும் வரும். காரம் இருக்காது, மிளகாய் தனியாக வைப்பார்கள். "இவ்வளவுதானா" என்று அள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டாம் என்று சொல்லி வை, அந்த மிளகாய் குண்டாகச் சின்னதாக இருந்தாலும் நம் குண்டூர் மிளகாயெல்லாம் பக்கத்தில் நிற்க முடியாது. சாலையோரத்தில் பொக்கித் கிடைக்கும், எண்ணெயில் பொரித்த ரொட்டிக்குள் மீனோ கோழியோ வைத்துத் தருவது, இரண்டு பேருக்கு ஒன்று போதும். சூப்பர்மார்க்கெட் விலை பிரான்ஸைவிடக் கூடுதல், அதனால் பழம், காய், மசாலா எல்லாம் சந்தையில் வாங்கு.

லே சேந்த் தீவுகளுக்கு ஒரு நாள் போய்வரலாம், த்ருவா-ரிவியேரிலிருந்து படகில் அரை மணி நேரம்கூட ஆகாது, ஆனால் நடுவில் கடல் கொஞ்சம் ஆட்டும், உனக்குப் பஸ்ஸிலேயே வாந்தி வரும் என்பதால் மாத்திரை போட்டுக்கொள். அதில் தெர்-தெ-ஓ என்ற தீவில் இறங்கியதும் பெண்கள் கூடையில் தேங்காய்ப் பூரணம் வைத்த சின்னக் கேக் விற்பார்கள். கடலுக்குப் போன புருஷன் திரும்பி வருவதற்குள் மனைவிமார் சுட்டு வைத்துக் காத்திருந்த பண்டம் என்று சொல்கிறார்கள். சூடாக வாங்கி அங்கேயே நின்று தின்னுங்கள்.

இப்போது கவனமாகக் கேள். கடற்கரையில் சில மரங்களில் சிவப்பு வளையம் பூசியிருப்பார்கள். மன்சனில்லியே மரம். பச்சை ஆப்பிள் மாதிரிக் குட்டிக் காய், அத்தனையும் விஷம், மழை பெய்யும்போது அடியில் நின்றால் இலையிலிருந்து சொட்டுகிற தண்ணீர்கூடத் தோலைப் பொசுக்கிவிடும். நிழல் என்று ஒதுங்கிவிடாதீர்கள்.

இன்னொன்று, சர்காஸ். 2011-லிருந்து கடலில் பழுப்புப் பாசி கூட்டம் கூட்டமாக வந்து கிழக்குக் கரைகளில் ஒதுங்குகிறது, அழுகினால் கெட்ட முட்டை நாற்றம், அந்த வாயு உடம்புக்கும் நல்லதில்லை. மேற்குக் கரைக்கு அது அதிகம் வருவதில்லை, தெஷேயிலும் தங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் கல்யாண நாள் தையில் வருவது நல்லதாகப் போயிற்று. புயல் காலம் ஜூனிலிருந்து நவம்பர் வரை, தை மாதம் மழை குறைந்து காற்று சுகமாக வீசுகிற பருவம். அதோடு ஜனவரியிலேயே கார்னவல் திருவிழா தொடங்கிவிடும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆட்டுத்தோல் முரசடித்துக்கொண்டு தெருவில் வருவார்கள், அந்த அடி நெஞ்சுக்குள் கேட்கும், கட்டாயம் போய் நில்லுங்கள். பிப்ரவரி பள்ளி விடுமுறை வாரங்களைத் தவிர்த்துவிடு, விமானக் கட்டணம் எகிறிவிடும்.

வீடு எடுக்கும்போது தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா என்று முதலிலேயே கேள். அந்தத் தீவில் குழாய்த் தண்ணீர் அடிக்கடி நின்றுபோகும், பழைய குழாய்கள், பல இடத்தில் முறைவைத்துத்தான் விடுகிறார்கள். நாங்கள் தங்கிய ஒரு வீட்டில் தொட்டி இருக்கிறது என்றார்கள், போய்ப் பார்த்தால் மோட்டார் ஓடவில்லை, உப்புத் தண்ணீர் காய்ந்த உடம்போடு ராத்திரி படுத்தோம். கடைக்காரரிடம் புலம்பினால் அவர் சிரிக்கவில்லை, தன் வீட்டில் பல வருஷமாகவே இப்படித்தான் என்றார். நமக்கு ஒரு ராத்திரி, அவர்களுக்கு அதுதான் தினமும்.

அம்மாவையும் கூட்டிப் போகலாமா என்று நீ கேட்டதாகவும் சொன்னாள். அம்மா வந்திருக்கிற ஷெங்கன் விசா அங்கே செல்லாது, கடல் தாண்டிய மாகாணங்களுக்குத் தனி விசா வேண்டும். விசா இருந்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பிள்ளைகளும் அம்மாவும் எங்கள் வீட்டில் இருக்கட்டும், அத்தான் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப்போய் விடுவார், நான் சமைத்துப் போட்டுக்கொள்கிறேன். பெரியவனுக்கு ஆஸ்துமா மருந்து எத்தனை வேளை என்று மட்டும் எழுதிக் கொடு.

வாடகைக் கார் இந்த வாரமே பதிவு செய்துவிடு, பஸ்ஸை நம்பி அந்த ஊரில் எங்கேயும் நேரத்துக்குப் போக முடியாது. டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல், அத்தான் அந்த நாட்களுக்கு இப்போதே லீவு எழுதிக்கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா