பெண்ட்ராகன் ஆட ஆசைப்படும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். ‘தி கிரேட் பெண்ட்ராகன் கேம்பெய்ன்’ புத்தகத்தை வாங்கி, முழுக்கப் படித்து, பக்கத்துக்குப் பக்கம் பென்சிலில் குறிப்பும் எழுதி வைத்திருக்கிறாய். ஆனால் “இதை ஆடாமலேயே வயசாகிடும் போலிருக்குண்ணா” என்றாய். டேபிள்டாப் ஆர்பிஜி, அதாவது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டிக் கதை ஆடும் ஆட்டம், பிடித்த எல்லார் வீட்டு அலமாரியிலும் இப்படி ஒரு புத்தகம் உட்கார்ந்திருக்கிறது. சிலருக்கு அது ‘கால் ஆஃப் கத்துலு’வில் வரும் உலகம் சுற்றும் நெடுங்கதை, சிலருக்கு ‘ஆர்ஸ் மேஜிகா’. உனக்குப் பெண்ட்ராகன். உனக்குச் சொல்வது அவர்களுக்கும் உதவும் என்பதால்தான் இதை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெண்ட்ராகன் 1985இல் வந்த ஆட்டம். எழுதியவர் கிரெக் ஸ்டாஃபோர்ட், வெளியிட்டது அவர் தொடங்கிய கேயாசியம் நிறுவனம். ஆர்தர் மன்னன் கதையின் உலகத்தில் ஒவ்வொரு ஆட்டக்காரரும் ஒரு நைட்டாக, அதாவது நிலமும் குதிரையும் விசுவாசக் கடமையும் உள்ள ஒரு வீரராக வாழ வேண்டும். ‘கேம்பெய்ன்’ என்றால் பல அமர்வுகளாக நீளும் ஒரே தொடர்கதை. 2006இல் வந்த அந்தப் பெரிய கேம்பெய்ன் புத்தகம் 400 பக்கத்துக்கு மேல். கி.பி. 485இல், ஆர்தரின் அப்பா ஊதர் காலத்தில் தொடங்கி 566இல் முடிகிறது. ஒரு செஷனுக்கு, அதாவது ஒரு தடவை உட்கார்ந்து ஆடுவதற்கு, கதையில் ஓர் ஆண்டு என்பதுதான் நடை. வீரர் கிழவராகி இறந்தால் மகனை எடுத்து ஆட வேண்டும், அவனும் போனால் பேரனை.

மாதம் ஒரு செஷன் ஆடினால் கிட்டத்தட்ட ஏழு வருஷம் ஆகும். அந்த ஏழு வருஷமும் மேசையில் இருக்கிற ஒருவருக்கும் வேலை மாறக்கூடாது, கல்யாணம் ஆகக்கூடாது, ஊர் மாறக்கூடாது. நடக்கிற காரியமா? அப்படி ஒரு குழு அமையட்டும் என்றுதான் நீ காத்துக்கொண்டிருக்கிறாய். அது அமையாது தம்பி. ஆகவே முழுக் கேம்பெய்னையும் ஆட வேண்டாம். ஒரே ஓர் ஆண்டை எடு, ஒரு சாயங்காலத்தில் ஆடி முடி.

சமாதானத்துக்காக இதைச் சொல்லவில்லை. இந்த ஆட்டத்தை ஸ்டாஃபோர்ட் கட்டியிருக்கும் விதமே அப்படி. கோடையில் போர், சாகசம், அரசவை. அதோடு ‘விண்டர் ஃபேஸ்’ வந்துவிடும், குளிர்காலக் கணக்கு. அந்த வருஷம் அறுவடை எப்படி, குதிரை பிழைத்ததா, மனைவிக்குக் குழந்தை பிறந்ததா, பிறந்த குழந்தை தங்கியதா என்று ஒவ்வொன்றுக்கும் பகடை உருட்ட வேண்டும். வயது 35ஐத் தொட்ட வீரருக்கு மூப்புக்கும் ஒரு உருட்டல் உண்டு, உடல்வலு கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும். இதெல்லாம் முடிந்தால் அந்த ஆண்டு முடிந்தது. கதவுக்கு வெளியே அரக்கன் நிற்கும்போது மணியாகிவிட்டது என்று எழுந்து போவதும், அடுத்த செஷன் நடக்காமலே கதை அந்தரத்தில் நிற்பதும் மற்ற ஆட்டங்களில் சகஜம். இங்கே ஒவ்வொரு அமர்வும் அந்த ஆண்டின் கணக்கை முடித்துவிட்டே முடிகிறது. ஓராண்டு ஆடினவர்கள் பாதியில் விட்டவர்கள் ஆகமாட்டார்கள்.

“ஒரு ராத்திரியில் பெண்ட்ராகனின் ருசி தெரியுமா?” என்று கேட்டாய். தெரியும். குணங்களுக்கான விதி ஒன்றே போதும். ஒவ்வொரு வீரருக்கும் 13 ஜோடிக் குணங்கள். இரக்கம்–கொடூரம், நேர்மை–வஞ்சகம், அடக்கம்–கர்வம், இப்படி. ஒரு ஜோடியின் கூட்டுத்தொகை எப்போதும் 20. இப்போது உன் வீரருக்கு இரக்கம் 13, கொடூரம் 7 என்று வைத்துக்கொள். ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டு, எதிரிகளான சாக்சன் இனத்துப் பையன் ஒருவன் முன்னால் நிற்கிறான். போன வருஷம் உன் தம்பியைக் கொன்ற கூட்டத்தைச் சேர்ந்தவன். விட்டுவிடலாம் என்று நீ நினைக்கிறாய். ஜிஎம், அதாவது ஆட்டத்தை நடத்துகிற கேம் மாஸ்டர், உருட்டச் சொல்கிறார். 20 முகப் பகடையில் 16 விழுகிறது. 13க்கு மேல் போனதால் இரக்கம் தோற்றது. உடனே எதிர்க்குணத்துக்கு உருட்ட வேண்டும். 5 விழுகிறது. 7க்குள் வந்ததால் கொடூரம் ஜெயித்துவிட்டது. நீ நினைத்தது ஒன்று, உன் வீரரின் கை செய்தது இன்னொன்று. வீரரின் விவரங்கள் எழுதிய கேரக்டர் ஷீட்டில் ‘கொடூரம்’ பக்கத்தில் ஒரு டிக் விழும். குளிர்காலத்தில் அந்த டிக்குக்காக மறுபடி உருட்டு, 7க்கு மேல் விழுந்தால் கொடூரம் 8, இரக்கம் 12. ஒரு மனிதன் மாறிப்போவதை நீயே உன் கையால் அழித்து எழுதுவாய். இதைப் பார்க்க ஏழு வருஷம் வேண்டாம், மூன்று மணி நேரம் போதும்.

எந்த ஆண்டு என்பதுதான் முக்கியம். எல்லாரும் 510க்குப் போவார்கள், ஆர்தர் வாளை உருவும் ஆண்டு. அது வேண்டாம். அங்கே வாளை உருவுவது ஆர்தர், நம்மவர்கள் பார்த்துக்கொண்டுதான் நிற்பார்கள். அரசனில்லாத ஆண்டுகளில் ஒன்றை எடு.

495இல் செயின்ட் ஆல்பன்ஸ் போரில் ஜெயித்த கையோடு நடக்கும் விருந்தில் விஷம் வைக்கிறார்கள். ஊதரும் பெரிய பிரபுக்களும் சாகிறார்கள். நம் வீரர்களின் ஊரான சேலிஸ்பரியின் பிரபு ராட்ரிக்கும் அதில் போய்விடுகிறார். அவர் பிள்ளை சின்னக் குழந்தை. ஆள வேண்டிய பொறுப்பு அவர் மனைவி எல்லன் சீமாட்டியின் தலையில் விழுகிறது. 496 முதல் 509 வரை நாட்டுக்கு ராஜாவே கிடையாது. சாக்சன் தலைவர்கள் வந்து கப்பம் கேட்கிறார்கள். உங்கள் மூன்று நான்கு பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, என்ன செய்யலாம் என்று எல்லன் யோசனை கேட்கிறாள். கட்டுவதா? கட்டினால் பணம் எங்கிருந்து வரும், உங்கள் கிராமத்துத் தானியக் களஞ்சியத்திலிருந்துதானே? மறுப்பதா? மறுத்தால் எரியப்போவது யார் வயல்? ஒருவனுக்குக் கட்டிவிட்டால் அவனுக்கு எதிரி சும்மா இருப்பானா?

அந்த ஆலோசனைக் கூட்டத்தை முதல் ஒரு மணி நேரம் பேசவிடு. விதி எதுவும் தெரியாதவர்கூட அதில் கலந்துகொள்ளலாம். நிலம், வரி, வீட்டு மானம், கொடுத்த வாக்கு, இதெல்லாம் யாருக்குத்தான் தெரியாது? ஆர்தர் கதை எனக்குச் சரியாகத் தெரியாதே என்று நீ தயங்குவதும் தேவையில்லாதது. எல்லன் தமிழிலேயே பேசட்டும். “நீங்க சொல்லுங்க, என் பிள்ளைக்கு இந்த ஊர் மிஞ்சணும்” என்று அவள் சொன்னால் போதும், மேசையில் இருப்பவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். என்னைக் கேட்டால், முழுக் கேம்பெய்னிலும் இந்த ஆண்டுகளுக்கு ஈடாக எதுவும் இல்லை. ஆர்தரின் தலைநகரான கேமலாட்டின் பகட்டைவிட இந்தச் சின்னச் சபையில்தான் ஆட்டக்காரரின் வார்த்தைக்கு எடை அதிகம்.

இனி வேலைக் கணக்கு. தாத்தா, அப்பா வரலாற்றைப் பகடை உருட்டி எழுதும் பகுதியை விட்டுவிடு. அருமையான பகுதிதான், ஆனால் அதுவே பாதி ராத்திரியை விழுங்கிவிடும். பெரிய போர் விதிகளும் வேண்டாம். கேரக்டர் ஷீட்டுகளை முன்கூட்டியே நிரப்பி வை. சொல்லிக்கொடுக்க வேண்டியது மூன்றுதான்: ஷீட்டில் உள்ள எண்ணுக்குச் சமமாகவோ கீழேயோ பகடை விழுந்தால் ஜெயம், இருவர் மோதினால் இரண்டு பேரும் உருட்டி, ஜெயித்தவர்களில் பெரிய எண் வெல்லும், அப்புறம் மேலே சொன்ன குணவிதி. மற்றதை வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

கூப்பிடும்போது ‘கேம்பெய்ன்’ என்ற வார்த்தையை எடுக்காதே. கேட்டவுடன் ஆட்கள் மிரண்டுபோகிறார்கள். “எல்லாருக்கும் எப்ப தோதுப்படும்?” என்று குரூப்பில் கேட்கவும் கேட்காதே. பல நல்ல ஆட்டங்கள் செத்தது அந்தக் கேள்வியில்தான். தேதியை நீயே வை, வர முடிந்தவர் வரட்டும். நேரம் இல்லை என்பார்கள். ஐபிஎல் மேட்ச் ஒன்றுக்கு மூன்றரை மணி நேரம் உட்காருகிறவர்கள்தான் எல்லாரும். ஆறு மணிக்கு ஆரம்பம், ஒன்பதரைக்கு முடிவு என்று தெளிவாகச் சொன்னால் வருவார்கள். சொன்ன நேரத்தில் முடித்தால் மறுபடியும் வருவார்கள்.

கடைசி நேரத்தில் ஒருவர் வரவில்லையா, நிறுத்தாதே. அவருடைய வீரர் அந்த வருஷம் கோட்டைக் காவலில் இருந்தார், முடிந்தது. அவருக்கு மறுநாள் போன் போட்டுக் குளிர்காலக் கணக்கை மட்டும் உருட்டச் சொல்லலாம். புதிதாக ஒருவர் சேர்ந்தால் செத்துப்போன வீரரின் பங்காளியாக நுழைத்துவிடலாம். மனிதர்கள் வருவதும் போவதும் ஆண்டுக்கணக்கில் ஓடும் கதைக்கு இயல்பாகப் பொருந்திவிடும்.

படிப்பதே போதும், ஆட வேண்டியதில்லை என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பெண்ட்ராகன் புத்தகத்தில் ஆர்தரின் கதை இருக்கிறது, உன் வீரனின் கதை இல்லை. அந்தச் சாக்சன் பையன் பிழைத்தானா என்பது எந்தப் பக்கத்திலும் எழுதப்படவில்லை. ஸ்டாஃபோர்ட் 2018இல் காலமானார். தன் வேலைகளில் இதையே தலைசிறந்ததாக நினைத்தவர். இத்தனை விதிகளையும் எழுதியது நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்து ஆடுவதற்காகத்தானே.

498ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். கப்பம் கேட்டு வரும் தூதன் யார், என்ன மிரட்டுகிறான் என்பதை நீ யோசித்து வை. ஷீட் நான்கும் நான் எழுதிக் கொண்டுவருகிறேன். வரும் சனிக்கிழமைக்கு அடுத்த சனி, சாயங்காலம் ஆறு மணி, உன் வீடு. இரண்டு பேரை நீ கூப்பிடு, ஒருவரை நான் கூட்டிவருகிறேன். சாப்பாட்டை அம்மா தலையில் கட்டாதே, வெளியில் சொல்லிக்கொள்ளலாம். ஜிஎம் நீதான்.

அன்புடன்,
அண்ணன்