பழைய நகரப் பேருந்துகளுக்கும் கூரை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மோட்டார் அருங்காட்சியகங்களில் கார்களெல்லாம் மெருகேறிக் கூரைக்குள் நிற்க, பழைய நகரப் பேருந்து மட்டும் முற்றத்தில் வெயிலையும் மழையையும் வாங்கிக்கொண்டு நிற்பது பரவலான வழக்கமாகிவிட்டது. இடம் போதாது என்பார்கள். ஒரு பேருந்து நிற்கும் இடத்தில் மூன்று கார்களை நிறுத்தலாம் என்பது உண்மைதான். ஆனால், வெளியே நிற்கும் பேருந்து சில ஆண்டுகளில் காட்சிப்பொருளாக இல்லாமல் பழைய இரும்பாகிவிடும்.

மரச்சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு அடித்த பாடிகளுக்கு எமன் மழைநீர். ஜன்னல் ரப்பர் காய்ந்து வெடித்ததும் தண்ணீர் உள்ளே கசிந்து, தூண் வழியாக இறங்கி, அடிச்சட்டத்தில் தேங்குகிறது. மரம் உளுத்துப்போவது தகட்டின் மறைவில் நடப்பதால் வெளியே தெரியாது. தூணின் அடிப்பகுதியில் கூரான ஊசியால் குத்திப் பார்க்க வேண்டும். எதிர்ப்பில்லாமல் இறங்கினால் அந்தத் தூண் போய்விட்டது என்று அர்த்தம். இரும்புத் திருகு அலுமினியத்தைத் தொடும் இடங்களில் ஈரம் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். அதன்மேல் புதுப் பெயின்ட் அடிப்பது நோயை மூடி மறைப்பதுதான். தகட்டைக் கழற்றிச் சுத்தம் செய்து, இரண்டு உலோகங்களுக்கும் நடுவே தடுப்பு நாடாவோ அரிப்புத் தடுப்புப் பூச்சோ வைத்துத்தான் திரும்பப் பூட்ட வேண்டும்.

மாதக்கணக்கில் அசையாத வண்டியின் டயர் ஒரே இடத்தில் தட்டையாகி, பக்கச் சுவரில் வெடிப்பு விழும். ஆக்சிலுக்கு அடியில், ஸ்பிரிங் உட்காரும் இடத்தையொட்டி, தாங்குகால் கொடுத்து டயரின் பாரத்தை இறக்கிவிடலாம். வாரம் ஒருமுறை பத்து நிமிடம் எஞ்சினை ஓட்டி நிறுத்தும் பழக்கம் நல்லது என்று பலர் நம்புகிறார்கள், அது கெடுதல். எஞ்சின் முழுச் சூடு ஏறுவதற்குள் நிறுத்தினால் உள்ளே நீராவி படிந்து ஆயிலில் கலக்கிறது, சைலன்ஸர் உள்ளிருந்தே துருப்பிடிக்கிறது. ஓட்டினால் வண்டியைச் சாலையில் இறக்கி நன்றாகச் சூடேறும்வரை ஓட்ட வேண்டும். முடியாவிட்டால் தொடவே வேண்டாம். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் விடக் கூடாது. ஏர் பிரேக் வண்டியானால் காற்றுத் தொட்டியில் சேரும் தண்ணீரை வடித்துவிட வேண்டும்.

தகவல் பலகைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆண்டும் குதிரைத்திறனும் எழுதியிருக்கும். வண்டி ஏன் அந்த வடிவில் இருக்கிறது என்பது இருக்காது. லண்டனின் ரூட்மாஸ்டர் மாடி பஸ்ஸையே எடுத்துக்கொள்வோம். 1954இல் முதல் மாதிரி வண்டி வந்தது. மொத்தம் 2,876 வண்டிகள் கட்டினார்கள். எஞ்சின் முன்னால்; அதன் பக்கத்தில் தனிக் கூண்டில் ஓட்டுநர். பயணிகள் ஏறுவது பின்பக்கம் திறந்த படியில். ஓட்டுநரால் டிக்கெட் கொடுக்க முடியாததால் நடத்துநர் கட்டாயம். இருவருக்கும் இடையே பேச்சு மணிதான்: ஒன்று அடித்தால் நில், இரண்டு போகலாம், மூன்று வண்டி நிறைந்துவிட்டது. 1958இல் லேலண்ட் அட்லாண்டியன் என்ற வேறொரு மாடி பஸ் உற்பத்திக்கு வந்தபோது எஞ்சின் பின்னால் போனது, கதவு ஓட்டுநருக்குப் பக்கத்தில் வந்தது. 1966இல் மாடி பஸ்ஸை ஓட்டுநர் ஒருவரே இயக்க பிரிட்டனில் அனுமதி கிடைத்தது. எஞ்சின் இடம் மாறியதில் தொடங்கிய மாற்றம் நடத்துநர் வேலையைக் காணாமலாக்கிய கதை இது. இதைப் பலகையில் நான்கு வரியில் எழுதிவிடலாமே!

முதலில் தொலைந்துபோவது பெயர்ச்சுருள். வண்டி போகுமிடத்தைக் காட்ட, ஊர்ப் பெயர்கள் அச்சிட்டுக் கைப்பிடியால் சுற்றும் அந்தத் துணிச்சுருளில் ஒரு டிப்போவின் வழித்தடங்கள் அத்தனையும் வரிசையாக இருக்கும். பழைய நகரத்தின் போக்குவரத்தை அறிய அதைவிட நல்ல ஆவணம் கிடைப்பது அரிது. வருவோர் போவோரெல்லாம் கைப்பிடியைச் சுற்றினால் துணி கோணலாக ஏறி ஓரம் கிழியும். நகல் ஒன்று செய்து வண்டியில் மாட்டிவிட்டு, அசலை மடிக்காமல் சுருட்டி இருட்டில் வைக்க வேண்டும். மறுபடி பெயின்ட் அடிக்குமுன் மறைவான ஓரிடத்தில் பழைய பூச்சுகளை அடுக்கடுக்காகத் தேய்த்து, எந்த நிறத்தின் மேல் எந்த நிறம் என்று குறித்துக்கொள்வதும் அவசியம்.

உள்ளே ஏற விடுவதில் தயக்கம் வேண்டாம். நகரப் பேருந்தை வெளியே நின்று பார்ப்பதில் பாதி விஷயம் கிடைக்காது. கீழ்த்தளம் எப்போதும் திறந்திருக்கட்டும். மேல்தளத்துக்கு ஒரே படிக்கட்டு என்பதால் குறிப்பிட்ட நேரத்தில், சிலர் சிலராக அனுப்பலாம். தரைச் சட்டங்கள் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். நடத்துநர் மணியை அடித்துப் பார்க்கத் தனியாக ஒரு சின்ன பேட்டரி போதும்.

போக்குவரத்துக் கழகங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு மாடலின் கடைசி வண்டிகள் கழிக்கப்படும்போது, ஓடிக்கொண்டிருக்கும் வண்டி ஒன்றை ஏலத்துக்கு முன்பே ஒதுக்குங்கள். மூலையில் நிற்கும் வண்டியைக் கொடுத்தால் பயனில்லை: ஸ்டார்ட்டர், டீசல் பம்ப், ரேடியேட்டர் எல்லாம் அதற்குள் வேறு வண்டிக்குப் போயிருக்கும். ஒதுக்கும் வண்டியோடு பழுதுபார்ப்புக் கையேடு, பதிவேடு, டிக்கெட் கருவி, பெயர்ச்சுருள் ஆகியவற்றையும் பட்டியலிட்டு ஒப்படையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்