கடைசியாக நடந்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு,

குளிர்கால விடுமுறையில் ஐந்து நாள் நாம் சேர்ந்து நடந்து, தியானித்து, வீடு திரும்பி ஒரு வாரம் ஆகிறது. வந்த அன்றே எழுதியிருக்க வேண்டியது. ஜலதோஷம் விடவில்லை.

முதல் நன்றி தேனீ வளர்க்கும் பெரியவருக்கு. ஐயா, எங்கள் எல்லோரையும் பெட்டியில் காதை வைத்துக் கேட்கச் சொன்னீர்கள். முதலில் ஒன்றுமே கேட்கவில்லை. மூச்சை அடக்கிய பிறகுதான் அந்த மெல்லிய ரீங்காரம் பிடிபட்டது. வெளியே சுமார் 14 டிகிரிக்குக் கீழே போனால் தேனீக்கள் பந்து போலத் திரளும், இறக்கையை அடிக்காமல் பறக்கும் தசையை மட்டும் நடுங்க வைத்துச் சூடு உண்டாக்கும் என்றீர்கள். வெளி அடுக்கில் இருப்பவை தலையை உள்பக்கம் திருப்பி நெருக்கி நின்று, அந்தச் சூடு போய்விடாமல் காக்குமாம். "அப்போ அதுங்களுக்கு முதுகு குளிராதா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். "குளிரத்தான் செய்யும்" என்றீர்கள். அத்தோடு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டீர்கள். நான் இன்னும் அங்கேயே நிற்கிறேன்.

தேனீ நமக்குப் பாடம் எடுக்கவா கூடுகிறது? பிழைக்கத்தான். இயற்கையை மேடையேற்றிப் பிரசங்கம் செய்ய வைப்பது எனக்கும் பிடிக்காது. ஆனால் மூன்றாம் நாள் மாலை நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

குளத்தங்கரையில் நான்தான் பேசினேன். மேலே உறைந்த பனிக்கட்டியே மீன்களுக்குப் போர்வை, ஆழத்தில் தண்ணீர் 4 டிகிரியில் உறையாமல் இருக்கும் என்றெல்லாம். என் பேச்சு எனக்கே பிடித்துப்போய், சீக்கிரம் இருட்டிவிடும் என்பதை மறந்தேன். டார்ச் எடுத்துவரச் சொல்லவும் மறந்திருந்தேன். தங்குமிடம் வந்து எண்ணிப் பார்த்தால் நான்கு பேர் குறைவு. முட்டி வலியால் வழியில் உட்கார்ந்துவிட்ட ஓர் அம்மா, அவருடைய பேரன், அப்புறம் வரிசையின் கடைசியில் நடக்க ஒப்புக்கொண்ட நீங்கள் இருவர்.

பதறி ஓடி வந்தேன். காற்று வீசிய பக்கம் முதுகைக் கொடுத்து இருவரும் தோளோடு தோள் ஒட்டி நின்றீர்கள். மறைவில் பாட்டியும் பேரனும் ஏதோ கதை பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "ரொம்ப நேரமாச்சா?" என்று கேட்டேன். "இல்லை இல்லை" என்றீர்கள். பற்கள் தந்தியடித்தன.

அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். உங்கள் இருவரிடமும் இங்கே, எல்லோர் முன்னிலையிலும் கேட்கிறேன்.

சமைத்தவர்கள், வண்டி ஓட்டியவர்கள், இரவில் எல்லோருடைய காலணிகளையும் அடுப்பருகே அடுக்கிக் காய வைத்தவர் (யாரென்று கடைசி வரை சொல்லவில்லை) அனைவருக்கும் நன்றி. நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே தங்கி, மற்றவர்களை அனுப்பி வைத்தவர்களுக்கு இன்னும் அதிகமாக. நீங்கள் எந்தப் படத்திலும் இல்லை.

அடுத்த ஆண்டு வரிசையின் கடைசி இடம் எனக்கு. இப்போதே கேட்டு வைக்கிறேன். பேச்சை வேறு யாராவது பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒற்றை நீலக் கையுறை ஒன்று என்னிடம் இருக்கிறது. உரியவர் சொல்லவும்.