முகப்புப் படங்களின் காலம் அறியும் பணிக்கு நன்கொடை வேண்டுகோள்

உ
சிவமயம்

நம் ஐயா வீட்டுப் பங்காளிகள் அனைவருக்கும், இவ்வீட்டில் பிறந்து வேறு வீடுகளுக்கு வாழச் சென்ற பெண்மக்களுக்கும் வீட்டுப் பராமரிப்புக் குழுவினரின் வணக்கம்.

தைப்பூசம் கழிந்த மறுவாரம் முகப்பில் சாரம் கட்டக் கொத்தனார்களிடம் நாள் குறித்தாயிற்று. சென்ற ஐப்பசி மழையில் கஜலட்சுமி சுதைச் சிற்பத்துக்கு மேலிருந்த கைப்பிடிச் சுவர் வெடித்து, வலப்புறத்து யானையின் துதிக்கை உடைந்து விழுந்ததை எல்லோரும் அறிவீர்கள். அதைத் திரும்பச் செய்யும் முன், வீடு கட்டியபோதே இருந்தது எது, மாடி எடுத்தபோது சேர்ந்தது எது, பிற்காலத்தில் சிமெண்டால் ஒட்டுப்போட்டது எது என்று ஸ்தபதிக்குச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லக்கூடியவை இரண்டாங்கட்டு அறையில் தகரப் பெட்டிக்குள் கிடக்கும் 214 படங்களும் 37 கண்ணாடி நெகடிவ்களும்தான். அவற்றுள் பெரும்பாலானவற்றில் தேதியே இல்லை. தேதி இருப்பவற்றிலும் ஒரு சிக்கல் இருக்கிறது.

முகப்புத் திண்ணையில் நால்வர் அமர்ந்திருக்க, தூணைப் பிடித்தபடி ஒரு சிறுவன் நிற்கும் படத்தை அறியாதவர் நம்மில் இல்லை. அதன் பின்புறம் பென்சிலில் ‘தாது வைகாசி’ என்று எழுதியிருக்கிறது. நம் பெரியவர்கள் இதை 1876ஆம் ஆண்டு என்றே கொண்டார்கள். தாது வருஷப் பஞ்சத்தில் இந்தத் திண்ணையிலிருந்து கஞ்சி ஊற்றியதை அப்பத்தாக்கள் வாயால் கேட்டு வளர்ந்தவர்களுக்கு வேறு எப்படித் தோன்றும்? ஆனால் தமிழ் ஆண்டுப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருபவை. 1936இல் பிறந்ததும் தாது ஆண்டே. படத்தைக் கண்ணாடிச் சட்டத்திலிருந்து எடுத்துப் பார்த்தபோது, அது அஞ்சலட்டைத் தாளில் அச்சிட்டது என்பதும், பின்புறம் நடுவே கோடு போட்டு ஒரு பக்கம் செய்திக்கும் மறுபக்கம் முகவரிக்குமாகப் பிரித்திருப்பதும் தெரிந்தது. அவ்வகை அட்டை இருபதாம் நூற்றாண்டில்தான் புழக்கத்துக்கு வந்தது. ஆகவே அந்தப் படம் 1936ஐச் சேர்ந்தது என்பதில் குழுவுக்கு ஐயமில்லை.

இதனால் பெரியவர்களின் பெருமைக்கு ஒரு குறையும் வரவில்லை. பெட்டியின் அடியில், அட்டையில் ஒட்டிய மெல்லிய தாளில், பழுப்பேறிய இன்னொரு படம் கிடைத்தது. அதில் மாடி இல்லை. முகப்பின் மேல் ஓட்டுச்சரிவு மட்டுமே தெரிகிறது. தாளின் பளபளப்பும் மஞ்சள் படிந்த வெண்பகுதிகளும் முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளின் அடையாளங்கள். நம் சுவர்ப் பூச்சில் கலந்து மெருகேற்றிய அதே வெள்ளைக்கருவைத்தான் அக்காலப் படத்தாளிலும் பூசினார்கள் என்பது எங்களுக்குப் பெரிய வியப்பாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் அம்முறை வழக்கொழியத் தொடங்கிவிட்டது. ஆக, நம் வீடு ஒற்றைத் தளமாக நின்ற காலம் ஏறக்குறைய 1900க்கு முந்தியது என்று சொல்ல இப்போது சான்று இருக்கிறது. வடபுறச் சன்னல் விதானத்தின் நிழல் சுவரில் நேர்கீழாக விழுவதையும் பூதக்கண்ணாடியில் பார்த்தோம்; அப்படியானால் அது நண்பகல், வெயில் வடக்கிலிருந்து விழுகிறது. நம் ஊரில் நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்பது சித்திரைத் தொடக்கம் முதல் ஆவணி முற்பகுதி வரைதான் என்பதால், இது தைக் கல்யாணத்தில் எடுத்த படம் என்ற வழிவழிப் பேச்சு பொருந்தாது.

மாடி எந்த ஆண்டு எழும்பியது என்பதைப் பேரேடுகளே சொல்ல வேண்டும். பர்மாத் தேக்கு வந்திறங்கிய வண்டிக் கூலியும் சுண்ணாம்புக் கணக்கும் அவற்றில் நாள்வாரியாக இருக்கின்றன. தமிழ் எண்களையும் பழைய கணக்கெழுத்தையும் படிக்கத் தெரிந்தவர்தான் குறைவு. படம் எடுத்த காலம் வேறு, அச்சிட்ட காலம் வேறு என்பதையும் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. 1950களிலிருந்து படத்தாளில் வெண்மையூட்டும் இரசாயனம் சேர்த்தார்கள். புற ஊதா விளக்கில் அது நீலமாக ஒளிரும். அந்த விளக்கைப் பிடித்தால், பழையவை என்று நாம் போற்றும் சில படங்கள் பின்னாளில் எடுத்த நகல்கள் என்று தெரியவரலாம்.

செலவு வருமாறு. கண்ணாடி நெகடிவ் ஒன்றைத் துடைத்து ஸ்கேன் செய்ய 900 ரூபாய் வீதம் 33,300. படம் ஒன்றுக்கு 150 வீதம் 32,100. அமிலமற்ற உறைகளுக்கும் பெட்டிகளுக்கும் 41,000. படத்துறை வல்லுநர் ஐந்து நாள் தங்கிப் பார்க்க 48,000. பேரேடு படிப்பவருக்கு இரண்டு மாதச் சம்பளம் 36,000. இரும்பு அலமாரிக்கும் ஈரம் உறிஞ்சும் கருவிக்கும் 64,600. மொத்தம் 2,55,000 ரூபாய். இதுவரை வந்தது 1,39,500. இன்னும் 1,15,500 வேண்டும்.

வீட்டின் 62 புள்ளிகளில் (வரிக் கணக்கில் மணமான ஒரு குடும்பம் ஒரு புள்ளி) 29 புள்ளிகள் தலைக்கு 3,500 வீதம் செலுத்திவிட்டார்கள். முதல் வாரத்திலேயே பினாங்கிலிருந்து அனுப்பிய குடும்பத்துக்கும், ஓய்வூதியத்தில் எடுத்துக் கொடுத்த இரண்டு ஆசிரியர்களுக்கும், மூன்று தவணையாகத் தருவதாகச் சொல்லி மூன்றையும் சொன்ன நாளில் தந்த தம்பிக்கும் குழு நன்றிக்கடன் பட்டிருக்கிறது. எல்லோரையும் விட நாங்கள் கைகூப்பி நிற்பது பெண்மக்கள் முன்னால். மணமாகிப் போனபின் அவர்கள் நம் புள்ளிக் கணக்கில் வருவதில்லை. அவர்களிடம் ஒருவரும் கேட்கவும் இல்லை. தாங்களாகவே சேர்ந்து 38,000 ரூபாய் அனுப்பியிருக்கிறார்கள். மீதமுள்ள 33 புள்ளிகளும் தத்தம் வரியைச் செலுத்தினால் குறைவது ஒரு ரூபாய்கூட இல்லாமல் நிறைந்துவிடும் என்பதை அப்பங்காளிகள் எண்ணிப் பார்க்க வேண்டும். படைப்புக்கு இலை போடும்போது முன் வரிசையில் நிற்கும் உரிமை, அப்படைப்பில் நாம் அழைக்கும் முன்னோரின் முகத்தைக் காக்கும் கடமையோடு சேர்ந்தே நமக்கு வந்தது.

ஒரு பிழையையும் ஒப்புக்கொள்கிறோம். முப்பது ஆண்டுகளுக்கு முன் இதே பெட்டியிலிருந்து ஆறு கண்ணாடிகளை எடுத்து, மேலிருந்த படலத்தை வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டி, சாமி படங்களுக்குச் சட்டம் போட்டோம். அவற்றில் யார் இருந்தார்கள் என்று இனி எவராலும் சொல்ல முடியாது. எஞ்சியவற்றிலும் இரண்டில் ஓரத்துப் படலம் சுருண்டு எழுந்துவிட்டது. இன்னொரு மழைக்காலம் தகரப் பெட்டியில் அவை தாங்கா.

மார்கழியில் வரும் பிள்ளையார் நோன்புக்குள் தொகை சேர்ந்தால்தான் வல்லுநர் வந்து பார்த்து, சாரம் கட்டும் முன் ஸ்தபதியிடம் முடிவு சொல்ல இயலும். அந்நோன்பில் மாவுத்திரி இழை எடுத்துக்கொள்ள ஊருக்கு வருவோர் நேரில் தந்து ரசீது பெறலாம்; மற்றவர்கள் வீட்டுப் பொதுக் கணக்கில் செலுத்தலாம். தத்தம் வீடுகளில் இம்முகப்பின் படம் இருந்தால், ஆல்பத்திலிருந்து பிய்க்காமல் ஆல்பத்தோடு கொண்டுவாருங்கள். பின்புறம் பேனாவால் எதுவும் எழுத வேண்டாம். நோன்பன்று மாலை நான்கு மணி முதல் பட்டாலைக் கூடத்தில் எல்லாப் படங்களும் வெள்ளைத் துணிமேல் விரித்து வைக்கப்பட்டிருக்கும். முகம் பார்த்துப் பெயர் சொல்லத் தெரிந்த ஆச்சிமார்களை யாராவது கைப்பிடித்து அழைத்து வந்து உட்கார வைக்க வேண்டுகிறோம். சொல்வதைப் பக்கத்திலிருந்து எழுதிக்கொள்ளப் பிள்ளைகள் இருப்பார்கள்.

வீட்டுப் பராமரிப்புக் குழுவினர்